கடையில் இல்லாத நம்பர் வன்

2006 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பி.பி.சி ரேடியோ 1 இல் வழமைபோல சார்ட் போகுது. 40 இல் தொடங்கி இறங்கி இறங்கி வந்து, கடைசியில் நம்பர் வன் என்று அறிவித்த பாட்டு நார்ல்ஸ் பார்க்லியின் 'கிரேசி'. அந்த நேரம் நீங்கள் ஓடிப்போய் ஊல்வர்த்ஸ் கதவைத் தட்டியிருந்தாலும் அதை வாங்கியிருக்க ஏலாது. சீடி அடுத்த நாள்தான் கடைக்கு வருது. சுமார் 31,000 டவுன்லோட் மட்டும் சேர்ந்து, கடையில் இல்லாத ஒரு பாட்டை நாட்டின் முதலிடத்தில் கொண்டுபோய் வைத்திட்டுது. 1952 இல் தொடங்கின பிரித்தானிய சார்ட்டில் அதுதான் முதல் தடவை.

போன எபிசோட்டில் ஸ்ட்ரீமிங் காசு எப்படிப் பிரிபடுது என்று கதைக்கும்போது 'சிங்கிள்' என்ற சொல்லை ஒரு இருபது தடவையாவது பாவித்திருப்போம். அதுக்குப் பிறகு வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான்: "சிங்கிள் எண்டால் ஒரு பாட்டுத்தானே, அதுக்கு ஏன் தனிப் பேர்?" கேட்டவர் ஸ்பாட்டிஃபையோடு வளர்ந்த ஆள் என்று விளங்குது. நியாயமான கேள்வி. மைக்குக்கு முன்னால் பதில் சொன்னால் ஒரு மணித்தியாலம் போகும் என்பதால் இங்கே எழுதுறன்.

சிங்கிள் என்பது ஒரு சாமான். 1949 இல் ஆர்.சி.ஏ விக்டர் கம்பெனி 7 அங்குல அகலத்தில், நிமிடத்துக்கு 45 தடவை சுற்றும் ஒரு சின்ன இசைத்தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தில் ஒரு பாட்டு, மற்றப் பக்கத்தில் இன்னொரு பாட்டு. பொக்கெட் காசில் வாங்கலாம். பிறகு 80களில் சீடி சிங்கிள் வந்தது. அதில் தலைப்புப் பாட்டு ஒன்று, ஆல்பத்தில் இல்லாத ஒன்றிரண்டு பாட்டு, அல்லது யாருமே கேட்காத ஏழு நிமிட ரீமிக்ஸ். விலை 2 பவுண்டிலிருந்து 4 பவுண்ட் வரை. எங்கட வயது ஆக்களுக்கு 'ரெக்கோர்ட் கடை' என்றால் அது பெரும்பாலும் ஊல்வர்த்ஸ்தான்: ஒரு பக்கம் நிறுத்து விற்கிற இனிப்பு, மற்றப் பக்கம் அந்தக் கிழமையின் டொப் 40 நம்பர் போட்ட தட்டில் சீடிகள். நான் முதலில் வாங்கின சிங்கிள் எதென்று சொல்லமாட்டன். அந்தளவுக்கு நல்ல பாட்டு இல்லை.

அந்தச் சின்னச் சாமானின் பலத்தை விளங்கிக்கொள்ள 1997 ஐப் பாருங்கோ. டயானா இறந்த அடுத்த நாட்களில் எல்டன் ஜோன் பாடின 'கேண்டில் இன் த விண்ட் 1997' வெளிவந்து, முதல் கிழமையிலேயே இந்த நாட்டில் 1.5 மில்லியனுக்கு மேல் விற்றது. எல்லாம் கையால் எடுத்து, காசாளரிடம் நீட்டி, பையில் போட்டுக்கொண்டுபோன பொருட்கள். இப்போது 2006 மார்ச்சுக்கு வாங்கோ. 'கிரேசி'க்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஓர்சன் என்ற குழுவின் 'நோ டுமாரோ' நம்பர் வன் ஆனது. அந்தக் கிழமை அது விற்றது 17,700 கூட இல்லை. ஒன்பது வருடத்தில் அந்தளவு இறக்கம். 'கேண்டில்' ஒரு விதிவிலக்கு என்பது உண்மைதான். ஆனால் 17,700 ஒரு ஸ்டேடியத்தின் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது.

42 மெகாபைட், 4 மெகாபைட்

என்ன நடந்தது என்பதைக் கணக்கில் சொல்றது லேசு. சீடி ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளக்குது. ஒவ்வொரு அளவும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு சேனல். பெருக்கினால் செக்கனுக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல். நாலு நிமிடப் பாட்டு ஒன்று கிட்டத்தட்ட 42 மெகாபைட். 90களின் 56கே மோடத்தில் அதை இறக்க, எல்லாம் சரியாகப் போனால்கூட, ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். அதுக்கிடையில் அம்மா ஃபோனை எடுத்தால் சரி, கதை முடிஞ்சுது.

ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரின் ஆக்களும் செய்த வேலை, மனிசக் காது கவனிக்காத பகுதிகளைப் பார்த்துப் பார்த்து வெட்டியெறிந்தது. செக்கனுக்கு 128 கிலோபிட் என்ற அளவில் அதே பாட்டு 4 மெகாபைட்டுக்கும் குறைவு. மோடத்தில் பத்து நிமிடம். 1995 இல் அந்த ஃபைல்களுக்கு எம்பி3 என்ற வால் கிடைத்தது. 1999 இல் ஷோன் ஃபேனிங் என்ற மாணவர் நாப்ஸ்டரை வெளியிட்டார். யாரிடம் எந்தப் பாட்டு இருக்கு என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரின் சேர்வரில், பாட்டு ஆக்களின் கம்ப்யூட்டரில். அந்த நடுப் பட்டியல்தான் அதின் பலம், அதேதான் வழக்கில் அதை மாட்டிவிட்டதும். 2001 இல் மூடினார்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் "திருட்டு சிங்கிளைக் கொன்றுது" என்று எழுதிவிட்டுப் போவினம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அமெரிக்காவில் சிங்கிளை முதலில் சாகவிட்டது ரெக்கோர்ட் கம்பெனிகள்தான். 90களின் நடுப்பகுதியில் அவர்கள் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார்கள்: ரேடியோவில் ஹிட்டான பாட்டைத் தனியாக விற்காவிட்டால், சனம் அந்த ஒரு பாட்டுக்காக முழு ஆல்பத்தையும் வாங்கும். நோ டவுட் குழுவின் 'டோன்ட் ஸ்பீக்' அமெரிக்கா முழுக்க ரேடியோவில் ஓடியும் பில்போர்ட் ஹொட் 100 இல் ஏறவே இல்லை. கடையில் சிங்கிளாக விற்காத பாட்டுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்பது அப்போதைய விதி. 1998 டிசம்பரில்தான் அந்த விதியை மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து நாப்ஸ்டர் வருது. ஒரு பாட்டு மட்டும் வேணும் என்று கேட்டவனுக்குக் கடை "இல்லை" என்றுது, இன்டர்நெட் "இந்தா" என்றுது.

அப்பிள் அதைத்தான் சரியாகப் பிடித்தது. 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் கடை, ஒரு பாட்டு 99 சென்ட். முதல் கிழமையில் ஒரு மில்லியன் பாட்டு. 2004 ஜூனில் இங்கே, 79 பென்ஸ்.

'ஒன்று' என்றால் எது?

கொன்ட்ராக்ட் வேலையில் அடிக்கடி பார்க்கிற சங்கதி ஒன்று. பழைய சிஸ்டத்துக்குள் புதுச் சாமானைப் புகுத்தும்போது உடைவது கோட் இல்லை, வரைவிலக்கணம். 'ஓர்டர்' என்றால் என்ன, 'வாடிக்கையாளர்' என்றால் யார் என்று இருபது வருடமாக ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டார்கள், ஏனென்றால் கேட்கத் தேவையே வரவில்லை. பிரித்தானிய சார்ட்டுக்கும் அதுதான் நடந்தது. 1952 இல் என்.எம்.ஈ பத்திரிகையில் பெர்சி டிக்கின்ஸ் என்பவர் ஒரு இருபது கடைகளுக்கு ஃபோன் அடித்து "எது நல்லா விற்குது?" என்று கேட்டுத்தான் முதல் பட்டியல் போட்டார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பார்கோட் வந்தது. ஆனால் எண்ணுகிற பொருள் மாறவில்லை. ஒரு சிங்கிள், ஒரு விற்பனை, ஒன்று.

2004 செப்டெம்பரில் டவுன்லோடுகளுக்குத் தனிப் பட்டியல் வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தனி மேசையில் இருத்துற மாதிரி. 2005 ஏப்ரலில் பிரதான சார்ட்டோடு சேர்த்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனை: அதே பாட்டு கடையில் சீடியாகவோ இசைத்தட்டாகவோ இருந்தால்தான் டவுன்லோட் கணக்கில் வரும். 2006 மார்ச்சில் கொஞ்சம் தளர்த்தினார்கள். கடைக்கு வர ஒரு கிழமைக்கு முன்னாலேயே டவுன்லோட் எண்ணப்படும். அந்த ஒரு கிழமை இடைவெளிக்குள்ளால்தான் 'கிரேசி' புகுந்தது.

ஆனால் 'கிரேசி' வெளியே போன விதம் உள்ளே வந்ததைவிட வடிவு. ஒன்பது கிழமை முதலிடத்தில் நின்ற பிறகு, சனத்துக்குப் பாட்டு அலுத்துப்போக முன் நிறுத்துவம் என்று சீடியை விற்பனையிலிருந்து எடுத்திட்டார்கள். அந்த நேர விதிப்படி, கடையிலிருந்து எடுத்த பாட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு சார்ட்டில் இருக்க ஏலாது. டவுன்லோட் எவ்வளவு விற்றாலும் சரி. அதனால் ஒரு கிழமை 5 ஆம் இடத்தில் இருந்த பாட்டு, அடுத்த கிழமை பட்டியலிலேயே இல்லை. ஆக்கள் அதை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். சிஸ்டத்தின் கண்ணுக்கு அது செத்திட்டுது, ஏனென்றால் பிளாஸ்டிக் பெட்டி இல்லை. பாடப்புத்தகத்தில் போடவேண்டிய பக் இது: ஒரு சாமானின் இருப்பை, அதோடு சம்பந்தமில்லாத இன்னொரு சாமானின் இருப்பில் தொங்கவிட்டால் இதுதான் நடக்கும்.

2007 ஜனவரியில் நிபந்தனையை முழுசாக எடுத்தார்கள். சீடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் டவுன்லோட் எண்ணப்படும். உடனே இரண்டு விசயம் நடந்தது. ஒன்று, போன வருடத்துப் பாட்டான ஸ்னோ பட்ரோலின் 'சேஸிங் கார்ஸ்' திரும்பி எழும்பி டொப் 10 க்குள் வந்தது. அதுவரை பழைய பாட்டு திரும்பி வரவேணும் என்றால் ஒரு தொழிற்சாலை திரும்ப அச்சடிக்கவேணும். மற்றது, எசெக்ஸ் பக்கத்துக் குழுவான கூப்பா, எந்த ரெக்கோர்ட் கம்பெனியோடும் ஒப்பந்தம் இல்லாமல் டொப் 40 க்குள் நுழைந்தது. 31 ஆம் இடம்தான். ஆனால் அச்சடிக்கக் காசு, லொறி, கடைத் தட்டில் இடம் என்று மூன்று வாசல்காரர்கள் ஒரே நாளில் காணாமல் போயிட்டார்கள்.

மிச்சம் வேகமாக நடந்தது. 2008 கோடையில் ஊல்வர்த்ஸ் சீடி சிங்கிள் விற்பதை நிறுத்தப்போவதாகச் சொன்னது. அடுத்த ஜனவரிக்குள் ஊல்வர்த்ஸே இல்லை, 800 க்கு மேற்பட்ட கடைகள் மூடு. 2009 கிறிஸ்மஸில் எக்ஸ் ஃபாக்டர் வெற்றியாளர்தான் நம்பர் வன் என்று இருந்ததை உடைக்க ஒரு கணவனும் மனைவியும் ஃபேஸ்புக்கில் பிரசாரம் தொடங்கி, ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷீனின் 'கில்லிங் இன் த நேம்' ஐ ஐந்து லட்சம் டவுன்லோடோடு முதலிடத்துக்கு ஏற்றினார்கள். 1992 ஆம் ஆண்டுப் பாட்டு. சீடி ஒன்றுகூட அச்சடிக்கவில்லை. பழைய விதியில் இது நடக்கவே ஏலாது.

2014 ஜூலையில் ஸ்ட்ரீமிங் உள்ளே வந்தபோது அடுத்த வரைவிலக்கணம் உடைந்தது. 100 ஸ்ட்ரீம் ஒரு விற்பனை என்றார்கள். 2017 இல் 150. அதே வருடம் மார்ச்சில் எட் ஷீரனின் ஆல்பம் வந்து, அதின் 16 பாட்டும் ஒரே கிழமையில் டொப் 20 க்குள் ஏறினது. அதுக்குப் பிறகு ஒரு கலைஞருக்கு மூன்று பாட்டு மட்டும் என்று கட்டுப்பாடு. 2018 இல் காசு கட்டிக் கேட்பவருக்கு 100, சும்மா கேட்பவருக்கு 600. இதெல்லாம் ஒரு பழைய கேள்விக்கு மேல் ஒட்டின பேட்ச்தான்: வாங்குறதும் கேட்கிறதும் ஒரே செயலா? சீடி காலத்தில் நீ வாங்கின பிறகு அதை ஆயிரம் தடவை கேட்டாயா, பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாயா என்பது சார்ட்டுக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு தடவையும் தெரியும். எது நேர்மையான பட்டியல் என்று கேட்டால் நான் புதுசைத்தான் சொல்லுவன். ஆனால் பழையது எண்ணினது ஆசையை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டு கிழமைக் காசைச் சேர்த்து, வேறு எதையும் வாங்காமல் இதை வாங்கினது என்பது, பேருந்தில் ஓட்டோபிளேயில் ஓடினதுக்குச் சமமில்லை.

மற்றப் பக்கம்

சீடி சிங்கிளுக்காக அழுகிற ஆள் இல்லை நான். 4 பவுண்டுக்கு ஒரு பாட்டு என்பது கொள்ளை. அதோடு ஒரே பாட்டை சீடி 1, சீடி 2 என்று இரண்டாக வெளியிட்டு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாட்டை ஒளித்துவைத்து, விசிறிகளை இரண்டையும் வாங்கவைத்த தந்திரத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருது. ஆனால் அந்த ஒளித்துவைத்த பாட்டுகள், பி சைட்கள், அவைதான் உண்மையான நட்டம்.

குளோரியா கேய்னரின் 'ஐ வில் சர்வைவ்' முதலில் வந்தது ஒரு பி சைட்டாக. கம்பெனி விற்க நினைத்தது முன்பக்கத்துப் பாட்டை. டிஜேக்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள், மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஒயேசிஸ் குழுவின் 'த மாஸ்டர்பிளான்' 1995 இல் 'வொன்டர்வால்' சிங்கிளின் பின்னால் ஒளிந்திருந்தது. பிறகு அந்தப் பாட்டின் பெயரில் பி சைட்களின் தொகுப்பு ஒன்றே வந்தது. பி சைட் என்பது யாரும் கணக்குக் கேட்காத இடம். தட்டுக்கு இரண்டு பக்கம் இருப்பதால், இரண்டாவதை நிரப்பியே ஆகவேணும். அந்தக் கட்டாயத்தில் பரீட்சித்துப் பார்த்த பாட்டுகள் வந்தன.

டவுன்லோட் கடையில் ஒவ்வொரு பாட்டும் தனி வரிசை, தனி விலை. பின்பக்கம் என்ற ஒன்றே இல்லை. ஸ்ட்ரீமிங்கில் ஆல்பங்களை ஏற்றினார்கள், பெரிய ஹிட்களை ஏற்றினார்கள். நடுவில் ஒரு சீடி சிங்கிளின் மூன்றாவது ட்ராக்காக மட்டும் வெளிவந்த பாட்டை ஏற்ற யாருக்கு நேரம்? உரிமை யாரிடம் என்று தேடவே வழக்கறிஞர் வேணும்.

ரெக்கோடிங் பார் காலத்திலேயே

எங்கட வீடுகளுக்கு இந்த சிங்கிள் கலாசாரம் அந்நியம் என்று நினைப்பீர்கள். பாதி சரி. தமிழ்ச் சினிமாப் பாட்டு படமாகத்தான் வந்தது. 7 அங்குலத் தட்டிலும் பக்கத்துக்கு இரண்டு என்று நாலு பாட்டு. கசெற்றில் ஒரு பக்கம் ஒரு படம், மற்றப் பக்கம் இன்னொரு படம். ஆனால் அப்பா அம்மாவிடம் 'ரெக்கோடிங் பார்' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில் வெறும் கசெற்றையும், கையால் எழுதின பாட்டுப் பட்டியலையும் கடையில் கொடுத்துவிட்டு வருவார்கள். இரண்டு நாளில் உங்கட பட்டியல் உங்கட கசெற்றில். ஸ்டீவ் ஜொப்ஸ் 2003 இல் மேடையேறி, ஆல்பத்தை உடைத்து விருப்பமான பாட்டை மட்டும் எடுக்கலாம் என்று சொன்னதை எங்கட ஆக்கள் அதுக்கு இருபது வருடத்துக்கு முன்பே செய்திட்டினம். உரிமைக்காரருக்குச் சதம் போகவில்லை என்பது வேற கதை.

வேடிக்கை என்னவென்றால், பிரித்தானியாவில் சிங்கிள் என்ற சாமான் சாகும்போதுதான் தமிழ்ச் சினிமாவில் சிங்கிள் என்ற சொல் பிறந்து பரவுது. 2011 நவம்பரில், '3' படம் திரைக்கு வர நாலு மாதம் இருக்கும்போது, அதின் ஒரே ஒரு பாட்டு, 'வை திஸ் கொலவெறி டி', யூடியூபில் தனியாக வெளிவந்தது. முன்கூட்டியே கசிந்ததால் அவசரமாக வெளியிட்டது என்பதும் அதில் ஒரு பகுதி. இப்போது 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' என்று போஸ்டர் போடாத படம் இல்லை. தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை, சொல் மட்டும் வந்து சேர்ந்தது.

இந்த முழு மாற்றத்தையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்கவேணும் என்றால் எம்.ஐ.ஏ ஐப் பாருங்கோ. மாயா அருள்பிரகாசம், ஹவுன்ஸ்லோவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, திரும்ப லண்டனுக்கு வந்த பெட்டை. 2003 இல் அவரின் 'கலாங்' முதலில் வெளிவந்தது 500 இசைத்தட்டாக. அவ்வளவுதான். மிச்சம் உலகத்துக்கு அது போனது ஃபைலாக, ஆளுக்கு ஆள் அனுப்பி. ஐந்து வருடம் கழித்து, 2008 இல், ஏற்கெனவே ஒரு வருடமாக ஆல்பத்தில் கிடந்த 'பேப்பர் பிளேன்ஸ்', ஒரு படத்தின் ட்ரெய்லரில் வந்த பிறகு அமெரிக்க ஹொட் 100 இல் 4 ஆம் இடத்துக்கு ஏறினது. தட்டு அச்சடித்துக் கடைக்கு அனுப்பும் காலமாக இருந்திருந்தால், சனம் தேடுகிற கிழமையில் கடையில் சாமான் இருந்திருக்காது.

எங்கே போனது?

அந்த 500 தட்டில் ஒன்று இப்போதும் யாரோ ஒருவரின் அலுமாரியில் இருக்கும். ஊசியை வைத்தால் பாடும். அதே காலத்து டவுன்லோடுகளைப் பாருங்கோ. மைக்ரோசொஃப்ட் தன் எம்.எஸ்.என் மியூசிக் கடையில் விற்ற பாட்டுகள் பூட்டுப் போட்ட ஃபைல்கள், சாவி சேர்வரில். 2008 இல் அந்தச் சேர்வரை நிறுத்தப்போறம் என்று அறிவித்து, சனம் கத்தின பிறகு தள்ளிப்போட்டார்கள். யாஹூவும் அதே வருடம் தன் சேர்வரை நிறுத்தி, வாங்கினவர்களுக்கு ஈடு கொடுத்தது. அப்பிள் 2009 இல்தான் பூட்டை எல்லாப் பாட்டுக்கும் எடுத்தது. காசு கொடுத்து வாங்கின சிங்கிள், கம்ப்யூட்டரை மாற்றினால் பாடாது என்ற நிலை கொஞ்சக் காலம் உண்மையாக இருந்தது.

ஆனால் விற்ற பாட்டுக்காவது ஒரு கம்பெனி பொறுப்பு. விற்காத பாட்டு? 2000களின் தொடக்கத்தில் லண்டன், டொரண்டோ, பாரிஸ், ஒஸ்லோ என்று எல்லா இடத்திலும் எங்கட பெடியளும் பெட்டையளும் ராப், ஆர் அண்ட் பி என்று பாடத் தொடங்கினது இந்தச் சீடிக்கும் டவுன்லோடுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான். முதலில் நூறு, இருநூறு சீடி எழுதி, தமிழ்க் கடைகளில் காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து விற்றார்கள். பிறகு சீடி எதுக்கு, மைஸ்பேஸில் போடுவம் என்று போனார்கள். 2019 இல் மைஸ்பேஸ் ஒரு அறிவிப்புப் போட்டது: சேர்வர் மாற்றும்போது 2003 இலிருந்து 2015 வரை ஏற்றின பாட்டுகள் அழிந்துவிட்டன. 14 மில்லியன் கலைஞர்களின் 50 மில்லியன் பாட்டு என்று செய்திகள் எழுதின. இன்டர்நெட் ஆர்க்கைவ் பிறகு மீட்டு வெளியிட்டது 5 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. நூற்றுக்கு ஒன்று. மைக்ரேஷன் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்றன், பழையதை அழிக்க முன் புதியதைச் சரிபார்க்கவேணும் என்பது முதல் நாளே படிக்கிற பாடம்.

அதனால் உங்கட பெரியம்மா வீட்டு ஷூ பெட்டியிலோ, அண்ணாவின் பழைய காருக்குள்ளோ கிடக்கிற அந்தச் சீடி ஒருவேளை அந்தப் பாட்டின் கடைசிப் பிரதியாக இருக்கலாம். திருப்பிப் பாருங்கோ. அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருந்தால் தொழிற்சாலையில் அச்சடித்தது, அவசரமில்லை. பச்சையோ நீலமோ அடித்தால் வீட்டில் எழுதின சீடி. அதில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் அதைத் தின்னும். அதை முதலில் எடுங்கோ.

யூஎஸ்பி டிரைவ் ஒன்று இருபது முப்பது பவுண்டுக்குள் வரும். விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி, மக் என்றால் எக்ஸ்எல்டி, இரண்டும் இலவசம். எம்பி3 ஆக எடுக்காதீர்கள், ஃபிளாக் ஆக எடுங்கோ, ஒரு பிட்டும் குறையாது. பிரபலமான சீடி என்றால் இந்த மென்பொருட்கள் மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டுச் 'சரி' என்று சொல்லும். இருநூறு பிரதி மட்டும் வந்த சீடிக்கு ஒப்பிட ஆளில்லை. ஆகவே இரண்டு தடவை எடுத்து, இரண்டின் செக்சம்மும் ஒன்றா என்று பாருங்கோ.

எடுத்த உடனே பெயர்கள் வராது, 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்றுதான் வரும். சாதாரண சீடிக்குள் பாட்டின் பெயர் கிடையாது. ஒவ்வொரு ட்ராக்கும் எங்கே தொடங்குது என்ற கணக்கை வைத்து மென்பொருள் இன்டர்நெட்டில் தேடிப் பெயரை எடுக்கும். எங்கட சீடிகளை அங்கே யாரும் பதியவில்லை. மியூசிக்பிரெய்ன்ஸ் தளத்தில் கணக்குத் திறந்து நீங்களே பதியலாம், தமிழ் எழுத்திலேயே. பழைய எம்பி3 ஃபைலாகக் கிடைத்தால், அதுக்குள் பாட்டின் பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும். பயப்படவேண்டாம், அது பழுதாகவில்லை. பாமினி எழுத்துருவில் டைப் செய்தது. யுனிகோட் மாற்றி ஒன்றில் போட்டால் தமிழ் வந்திடும். சீடியின் கவரைத் தூக்கி எறியாமல் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கோ. யார் எழுதினது, யார் மிக்ஸ் செய்தது, எந்த வீட்டு அறையில் பதிந்தது, யாருக்கு நன்றி என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கு, ஃபைலுக்குள் இல்லை.